காமன் பொட்டலில் பிறந்த பாத்திரங்கள்



ஆடி மாதத்து மழை மலைநாட்டில் ஒருமுறை பிடித்துக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. அட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் பாடசாலையில், அத்தகைய மழைநாள் ஒன்றின் பிற்பகலில், வீடு திரும்ப இயலாத மாணவர் சிலர் வகுப்பறையிலேயே தங்கியிருந்தனர். நடைகூடத்தின் வழியே சென்ற நான், ஐந்து சிறுவர்கள் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து, பகடைக்காய்களை உருட்டி, உருட்டிய எண்ணை ஒரு தாளிற் குறித்துக்கொள்வதைக் கண்டேன். சூதாட்டமோ என்ற ஐயத்துடன் உள்ளே நுழைந்தேன். சூதன்று, கதை விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான். ஏனைய நால்வரும் அக்கதையில் வரும் வீரராகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்து, அவ்வப்போது தாம் செய்வது இன்னதென்று சொல்வர். செயல் வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை தீர்க்கும். கொழும்பில் வேலை செய்யும் தமையன் ஒருவர் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தாராம்.

தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வலிமை 18, அறிவு 17, விரைவு 18 என எல்லாம் உச்ச நிலையில் இருந்தன. பெயர் எழுதவேண்டிய இடம் மட்டும் வெறுமையாயிருந்தது. "தம்பி, இவன் யார்?" என்று கேட்டேன். "வீரன், சேர்" என்றான் மாணவன். "எந்த ஊர்? யாருடைய பிள்ளை? எதற்காக வாளெடுத்தான்? எதற்கு அஞ்சுவான்?" என்று மேலும் கேட்டேன். அவன் சற்று நேரம் விழித்துவிட்டு, "அவன் ஒன்றுக்கும் அஞ்சமாட்டான், சேர்" என்றான். அருகிலிருந்த மூவருடைய தாள்களையும் பார்த்தேன். பெயர்கள் வேறாயிருந்தன; ஆட்கள் ஒருவரே போல இருந்தனர்.

ஒரு பாத்திரத்தைப் பிறிதொன்றினின்று வேறாக்குவது எது? அன்றிரவு என் மனத்தை விட்டு நீங்காதிருந்த அவ்வினாவையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொண்டுள்ளேன். இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நம் தோட்டங்களிலே மாசி மாதந்தோறும் காமன் கூத்தாடிய நம் முன்னோர் அதனை ஆடியே காட்டியுள்ளனர்.

முதலில் அவ்விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரசிய நாட்டுப் படை அதிகாரிகள், வரைபடத்தின்மீது கட்டைகளை நகர்த்தியும் பகடையை உருட்டியும் போர்ப்பயிற்சி பெற்றனர். 1913ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், பொம்மைப் போர்வீரரைக் கொண்டு வீட்டுக்கூடத்தில் விளையாடும் முறையொன்றை நூலாக எழுதினார். இவற்றிலெல்லாம் ஆடுவோன் ஒரு படை முழுவதையும் நடத்தினான். தனி மனிதனாகத் தன்னைப் பாவிக்கவில்லை. அமெரிக்காவில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் டேவ் ஆர்னெசன் முதலியோர், ஒவ்வோர் ஆட்டக்காரனும் ஒரே ஓர் ஆளாக நின்று ஆடும் முறையைக் கண்டனர். அவரும் கேரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து ஆக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு 1974இல் வெளிவந்தது. முதற்பதிப்பில் அச்சிடப்பட்டவை 1,000 பிரதிகளே. இன்று உலகெங்கும் ஆடப்படும் இத்தகைய விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே தாய் எனலாம்.

அம்முதற்பதிப்பில் ஒரு பாத்திரம் என்பது பெரும்பாலும் ஆறு எண்களே. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, விரைவு, பிறரைக் கவரும் ஆற்றல் ஆகிய ஆறுக்கும் மும்மூன்று பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரை எண் பெறுவர். அதன்பின் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று வகையுள் ஒன்றைத் தெரிவர். நாளடைவில் ஆட்டக்காரர் இவ்வெண்களால் மட்டும் ஆள் அமைவதில்லை என்பதை உணர்ந்தனர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிலோ, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் இயல்பு, அது போற்றும் இலட்சியம், அதனைப் பிறருடன் கட்டிவைக்கும் பிணைப்பு, அதனிடமுள்ள குறை ஆகிய நான்கையும் எழுதுமாறு விதித்தனர். முதற்பதிப்பு வந்து 40 ஆண்டுகள் சென்ற பின்னர் எழுதப்பட்ட இவ்விதியை நான் படித்தபோது, எனக்கு எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலே நினைவுக்கு வந்தது.

எண்ணால் மனிதரை அறிவது நம்மவர்க்குப் புதியதன்று. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலந்தொட்டுத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையிறங்கி, காடும் மேடும் கடந்து, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். வழியில் மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், மலைகளெல்லாம் தேயிலையாயின. வந்தவர் பெயர்கள் செக்ரோல் என்னும் பேரேட்டில் ஏறின. விடியற்காலையில் தப்பொலி கேட்டு எழுந்து, பிரட்டுக்களத்தில் நின்று, பெயர் கொடுத்து மலைக்குச் செல்லும் ஒருவரைப் பற்றி அப்பேரேடு அறிந்ததெல்லாம், அவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை இறாத்தல் கொழுந்தெடுத்தார், எவ்வளவு கடன் பட்டுள்ளார் என்பவையே. அவர் எந்த ஊரை நினைத்து ஏங்கினார் என்பதை எழுத அதில் இடமில்லை. அம்மக்களே மாசி மாதத்தில், அதே தப்பின் ஒலிக்கு, தேவராகவும் அரசராகவும் தூதராகவும் உருமாறினர்.

காமன் கதை நேயர்களுக்குத் தெரிந்ததே. சிவபெருமான் யோகத்தில் அமர்ந்துவிட, அசுரரால் வருந்திய தேவர்கள் அவ்யோகத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவினர். மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலானான். அவன் மனைவி ரதி புலம்பி இரந்தாள். இறைவன் இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு அவனை உயிர்ப்பித்தான். காளிதாசர் குமாரசம்பவத்திலும் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலும் இக்கதையைப் பாடினர். மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள கொறுக்கை, காமனை எரித்த தலமாகப் போற்றப்படுகின்றது. தஞ்சைப் பகுதி ஊர்களிலே, காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறுகட்சியும் நின்று, இரவு முழுவதும் லாவணி பாடி வாதிடும் வழக்கம் இருந்தது. அவ்வூர்களிலிருந்து வந்தோர் தம் மூட்டையுடன் இக்கதையையும் எடுத்துவந்தனர் எனல் பொருந்தும்.

தோட்டத்திலே மாசி அமாவாசைக்குப் பின்னர், வளர்பிறையில் காமன் ஊன்றுவர். ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் முதலியவற்றைச் சேர்த்துக் கட்டிய கம்பம் ஒன்றைப் பொட்டலின் நடுவே நட்டு, வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் பூணுவர். அன்றுமுதல் ஒவ்வோர் இரவும் ஆட்டமும் பாட்டும் நிகழும். பகல் முழுவதும் மலையிலே உழைத்தவர், பனி கொட்டும் இரவிலே கம்பளியைப் போர்த்துக்கொண்டு பிள்ளைகளுடன் வந்து அமர்வர். இறுதி இரவில், காமன் எரியும் வேளையில், தோட்டமே பொட்டலில் நிற்கும். சடங்கு முறைகள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். நான் கூறுவது எங்கள் தோட்டத்து வழக்கம்.

இக்கூத்திலே பாத்திரங்கள் எவ்வாறு தனித்தனி ஆளாயின என்பதை நோக்குவோம். ஒப்பனைக்கு அவர்களிடம் இருந்தவை எளிய பொருள்கள். மரக்கட்டையிற் செதுக்கிய புயக்கட்டையும் கிரீடமும், மினுக்குத் தாளும், கரியும், மஞ்சளும், செந்தூரமும், ஒருவர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சேலையும் தவிர வேறில்லை. மின்விளக்கு இல்லை, திரையும் இல்லை. தீப்பந்தத்தின் ஒளியிலே, நூறு அடிக்கு அப்பால் மேட்டில் அமர்ந்திருக்கும் கிழவியும், வருவது யார் என்று உடனே அறிதல்வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடை, ஒரு குரல், கையில் ஒரு பொருள் என வகுத்தனர். தூதன் ஓலையுடன் ஓடிவருவான். நின்றாலும் அவன் கால்கள் நில்லா. எமன் பாசக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு மெல்ல நடப்பான். அவனுக்கு அவசரமே இல்லை, ஏனெனில் எவரும் அவனிடமிருந்து தப்பப்போவதில்லை. வீரபத்திரன் வரும்போது தப்பின் அடி மாறும். அவ்வடி கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வர். கோமாளியோ எந்த நடையுடனும் ஒட்டாமல் எல்லார் நடையையும் பழித்துக் காட்டுவான். சிலவேளை கங்காணியின் நடையையும் அதிற் சேர்த்துவிடுவான்!

இத்தகைய முறை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்புக் கூத்திலே ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வருகையில் அதற்கென அமைந்த வரவுத் தாளம் உண்டு. அரசனுக்குரியது வேடனுக்கு ஒலிக்காது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, கற்றோர் பலர் அக்கலையின் நுட்பத்தை முதன்முறையாகக் கண்டு வியந்தனர். பேராதனையிலிருந்து சில மணிநேரப் பயணத்திலுள்ள எங்கள் காமன் பொட்டலை, கற்ற உலகம் நோக்கியது சற்றுப் பிந்தியே. மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வெளிவந்தது 1983ஆம் ஆண்டில்தான்.

நடையும் தாளமும் புறவேறுபாடுகள். இவற்றால் ஒரு பாத்திரத்தை அடையாளம் காணலாம். ஆனால் அதற்காக அழ முடியாது. அகவேறுபாடு எங்கிருந்து வருகின்றது? காமன் கூத்தின் நடுவிலே ரதிக்கும் மன்மதனுக்கும் நிகழும் வாதத்தைக் கேட்டால் விளங்கும். தேவேந்திரன் ஓலை வந்துவிட்டது. போகவேண்டாம் என்கின்றாள் ரதி. சிவனுடைய ஆற்றலை எடுத்துச்சொல்லி அஞ்சுகின்றாள். மன்மதனோ, அழைப்பை ஏற்காதிருப்பது தன் ஆண்மைக்கு இழுக்கென்கின்றான்; தன் கணைக்குத் தப்பியவர் எவருமில்லை எனச் செருக்குகின்றான். ஒரே வீட்டில், ஒரே ஓலையின் முன்னே, ஒருத்தி இழப்புக்கு அஞ்சுகின்றாள். ஒருவன் இகழ்ச்சிக்கு அஞ்சுகின்றான். இவ்விரண்டு அச்சங்களும் இரண்டு மனிதரை நம் கண்முன் நிறுத்திவிடுகின்றன. மன்மதனிடம் அச்செருக்கு இல்லாவிடின் அவன் போயிருக்கமாட்டான், கதையே இராது. அவனுடைய குறையே கதைக்கு வாயிலாகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெக் காரணத்தாற் பிறக்கும் என நந்நான்காகப் பகுத்துரைத்தார். பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமையுறுதல் என்பன அழுகைக்கு அவர் கூறும் காரணங்கள். பாத்திரம் படைப்போன் இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. 'இவன் துயரமானவன்' என்று தாளில் எழுதுவதாற் பயனில்லை. நான்கனுள் எக்காரணத்தால் அழுகின்றான் என்று கேட்கவேண்டும். வறுமையால் அழுபவன் ஒருவகை. முன்னர்ச் செல்வனாயிருந்து தாழ்ந்ததால் அழுபவன் வேறுவகை. இருவரும் ஒரே பகடை எண்ணைப் பெற்றிருந்தாலும், ஒரு பொற்காசு எதிரே கிடந்தால் அதை எடுக்கும் முறை வேறாகும்.

இனி, பாத்திரங்களின் கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அம்மேசை விளையாட்டில் நால்வரோ ஐவரோ ஒரு குழுவாகப் புறப்பட்டு இடர்களைக் கடப்பர். நம் தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தும் அத்தகையதே. கொங்கு நாட்டிலிருந்து வந்த அக்கதையிலே மூத்தவன் பொன்னர் பொறுமையுள்ளவன். இளையவன் சங்கர் சொல்லுமுன் வாளை உருவுபவன். தங்கை தங்காளுக்கு வரப்போவது கனவிலே தோன்றும். சாம்புகன் பிறப்பாற் பணியாளனாக வைக்கப்பட்டவன். ஆனால் அவனின்றி அவ்வீரர் ஓரடியும் எடுத்துவையார். கொம்பன் என்னும் காட்டுப்பன்றி எதிரே நிற்கும்போது இந்நால்வரும் ஒருவர்போல் ஒருவர் நடந்துகொள்ளார். பொன்னருடைய பொறுமை நமக்குத் தெரிவது சங்கருடைய சினத்தின் அருகே அது நிற்பதால். தனித்து விட்டால் இருவரும் வெறும் அரசகுமாரரே. ஆகவே, ஒருவன் தன் பாத்திரத்தை வகுக்குமுன் தன்னுடன் ஆடுவோரின் பாத்திரங்களைக் கேட்டறிதல் நன்று.

இவ்வளவும் கூறியபின், என் வாழ்விலிருந்து ஒன்றைக் கூறாவிடின் இப்பேச்சு நேர்மையுடையதாகாது. எங்கள் தோட்டத்திலே பல்லாண்டுகளாக ரதி வேடம் புனைந்தவர் என் தந்தையார். பெண்வேடத்தையும் ஆடவரே புனைவது வழக்கம். மன்மதனாக வந்தவர் என் பெரியப்பா. பகலிலே தந்தையார் கவ்வாத்துக் கத்தியுடன் மலைக்குப் போவார். இரவிலே சேலையுடுத்தி, மை தீட்டி, பொட்டலுக்குப் போவார். பாடசாலையிலே பிள்ளைகள் என்னை 'ரதி மகன்' என்று கூவுவர். நான் நாணத்தாற் குன்றுவேன். மாசி மாதம் வந்தால், காய்ச்சலென்று சொல்லிப் படுத்துக்கொண்ட நாள்களும் உண்டு. எனக்கு அப்போது வயது பத்துக்கு மேல். படித்தவனாகிவிட்டேன் என்ற எண்ணமும் முளைத்திருந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட நம்மவரைப் பற்றி, 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அவ்வெஞ்சியோரையும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். மீண்டும் எண்களே. ஒரே லயத்திலே அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என விழுந்த வீடுகள் பல. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. 1979ஆம் ஆண்டின் இறுதியிலே பெரியப்பா குடும்பத்துடன் அட்டன் நிலையத்திலே கோச்சி ஏறினார். தலைமன்னார்க் கப்பலுக்குச் செல்வோரைச் சுமந்த அக்கோச்சியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். புகைவண்டி நகரும்போது பெரியம்மா சன்னலைப் பற்றிய கையை விடாமற் சிறிது தூரம் ஓடினார் என் தாயார். தந்தையார் அழவில்லை, நிலையத்துத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாசியில் மன்மதன் வேடத்துக்கு ஓர் இளைஞரை ஆயத்தஞ் செய்தனர். அவர் நன்றாகவே ஆடினார். காமன் எரிந்த இரவிலே தாயார் என்னை வற்புறுத்தி அழைத்துச் சென்றார். கம்பத்தில் தீ மூண்டது. ரதி புலம்பத் தொடங்கினாள். வழக்கமான மெட்டே, கூத்து வாத்தியார் கற்றுக்கொடுத்த அதே அடிகளே. ஆயின் எங்கோ ஓரிடத்திலே தந்தையாரின் குரல் தடுமாறியது. பாட்டிலில்லாத சொற்கள் வந்தன. கடலைப் பற்றியும், போனவர் கடிதம் வராமையைப் பற்றியும் ரதி பாடினாள். தேவலோகத்து ரதிக்கு இராமேசுவரத்துக் கடலோடு என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை. பொட்டலிலிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதனர். மகனைக் கோச்சியேற்றியவள் தன் மகனுக்காக அழுதாள். 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே குழந்தையை இழந்தவள் அக்குழந்தைக்காக அழுதாள். நூல்களிலுள்ள ரதி ஒருத்தியே. ஆனால் அன்றிரவு நான் கண்ட ரதியை வேறெந்தப் பொட்டலிலும் கண்டிருக்க முடியாது. நிலையத்திலே அழாத தந்தையார் சேலையுடுத்திக்கொண்டு அழுதார் என்பதும், அப்படி அழுவதற்கு அவருக்கு வேறிடம் இருக்கவில்லை என்பதும் பின்னர்தான் எனக்கு விளங்கின. அதன்பின் நான் எந்த மாசியிலும் காய்ச்சலென்று படுக்கவில்லை.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது இதுவே. வேடம் வழிவழி வருவது. தாளமும் நடையும் வாத்தியார் தருவன. ஆனால் அவ்வேடத்தை ஏனைய வேடங்களினின்று வேறாக்குவது, அதனைப் புனைபவன் தன் வாழ்விலிருந்து எடுத்து அதனுள் வைக்கும் ஒன்று. அதனை அவன் வெளிப்படச் சொல்லவேண்டியதில்லை. தந்தையார் பெரியப்பாவின் பெயரை ஒருமுறையேனும் பாட்டில் உரைக்கவில்லை.

இக்கலை இன்று முற்றாக மறைந்துவிடவில்லை. பல தோட்டங்களில் மாசிதோறும் காமன் இன்னும் எரிகின்றான். ஆயினும் கப்பலேறிச் சென்ற குடும்பங்களுடன் வாத்தியார் பலரும், அவர்தம் ஏடுகளும், பாடமாக வைத்திருந்த பாட்டுகளும் சென்றுவிட்டன. எஞ்சியதற்கு வேறொரு பகையும் உண்டு. தப்பு அடிப்பதை ஒரு சாதியாருக்குரிய இழிதொழிலாகக் கருதிய பழைய மனப்பான்மை, படித்த பிள்ளைகளையும் அதனருகே வராமல் தடுக்கின்றது. சாவு வீட்டிலும் கோயில் விழாவிலும் தப்பு வேண்டும். தப்பை ஏந்தியவன் மட்டும் வாசலில் நிற்கவேண்டும் என்ற நீதி எவ்வகை நீதி? சாம்புகனின்றிப் பொன்னரும் சங்கரும் இல்லை என்று விடியவிடிய ஆடிவிட்டு, விடிந்ததும் அதனை மறந்துவிடுவது நமக்கு அழகன்று.

மழைநாளில் நான் கண்ட மாணவர் கதைக்கு வருவோம். மறுநாள் அவ்வைவரையும் என் அறைக்கு அழைத்தேன். விளையாட்டைத் தடைசெய்யப்போகின்றேன் என்று அஞ்சியே வந்தனர். நான் அவர்களிடம் நான்கு வினாக்களைக் கொடுத்தேன். உன் ஆள் எதனை அடைய விரும்புகின்றான்? எதற்கு நாணுகின்றான்? இக்குழுவில் யாருக்கு அவன் கடன்பட்டவன்? இருளிலே அவனை எவ்வொலியால் அறியலாம்? இவற்றுக்கு விடையெழுதிய பின்னரே பகடையைத் தொடவேண்டும் என்றேன். மன்மதன், ரதி, எமன், சாம்புகன் ஆகியோர்க்கு இவ்வினாக்களின் விடை என்னவென்று முதலிற் சேர்ந்து எழுதிப் பார்த்தோம். அதிலேயே இரண்டு பாடவேளைகள் கழிந்தன.

ஒரு கிழமைக்குப் பின்னர், அந்தப் பெயரில்லா வீரனைப் படைத்த மாணவன் புதிய தாளொன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். வலிமை 9, விரைவு 12. வாளில்லை. பாத்திரத்தின் தொழில், மலைமுகட்டிலிருந்து தப்படித்துப் படையைத் துயிலெழுப்புவது. அவன் அடித்தால் எத்துணை ஆழ்ந்த மாயத்துயிலும் கலையும். குறை என்ற இடத்தில், அவனுடைய விரல்கள் சும்மா இரா. ஒளிந்திருக்கவேண்டிய வேளையிலும் பாறையைத் தட்டிவிடுவான். ஆகவே பகைவர் கண்டுகொள்வர் என்று எழுதியிருந்தான். எதற்கு நாணுகின்றான் என்ற வினாவுக்கு விடை நீளமாக எழுதப்பட்டு, பின்னர் அடிக்கப்பட்டிருந்தது. அடித்த கோட்டின் கீழே 'தாத்தாவின் தப்பு' என்ற இரண்டு சொற்கள் தெரிந்தன.

நான் அதைப்பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பெயர் எழுதவில்லையே, தம்பி?" என்று மட்டும் கேட்டேன். அவன் பேனாவை வாங்கி, நின்றபடியே, தன் பாட்டனாரின் பெயரை எழுதினான்.

வருகின்ற மாசியில் எங்கள் தோட்டத்திலே காமன் ஊன்றும்போது, அம்மாணவரை அழைத்துச் சென்று, வேடம் புனைவோருக்கு அருகே அமர்த்துவதென எண்ணியுள்ளேன். அவர்களுட் சிலர் தப்பைக் கையில் எடுப்பரோ, புலம்பலைக் கற்பரோ, அறியேன். கேட்கும் நேயர்களே, உங்கள் தோட்டத்திலும் ஊரிலும் ரதியாகவோ எமனாகவோ கோமாளியாகவோ வேடம் புனைந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் சென்று, அவ்வேடத்தை அவர் எவ்வாறு தமதாக்கிக்கொண்டார் என்று கேளுங்கள். அவர் கூறுவதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாளின் தலைப்பிலே அவருடைய பெயரை எழுத மறவாதீர்கள்.